கடைசியில் நிற்கிறவன்

1

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரத்துக்கு ஊரிலிருந்து ராத்தாவின், என் அக்காவின், போன் வரும். உடம்பை விசாரிப்பாள், கரண்டை விசாரிப்பாள், என் மகனை விசாரிப்பாள். பிறகு அந்தக் கேள்வி வரும்.

"ஆமா, நீ அங்க என்ன வேலதான்டி பாக்குறே? பக்கத்து வீட்டுல கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல."

"அமெரிக்காக்காரன் பந்து விளையாடுறதப் பாக்குறேன் ராத்தா."

"பாக்குறதுக்குக் காசா?"

"பாத்து, யார் யார் எங்க நின்னாங்கன்னு குறிக்கிறதுக்குக் காசு."

"அடி இவளே! இதுக்கா வாப்பா உன்னைக் கணக்குப் படிக்க வச்சாங்க?"

நியாயமான கேள்விதான். கீழக்கரையிலிருந்து கல்யாணம் முடித்து ரங்கூன் வந்து இருபத்திரண்டு வருஷம். யாங்கோன் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வந்த இடத்தில் என் பட்டத்தை யாரும் சீந்தவில்லை. கடைசியில் கை கொடுத்தது இந்தப் பந்து. போன ஞாயிற்றுக்கிழமை பகலில் எனக்கு ஒரு போன் வந்தது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. இங்கே சொல்ல முடியாது. அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு பெயர்களை மட்டும் மாற்றவில்லை, மாற்றியும் பயனில்லை என்பது போகப்போகத் தெரியும். அந்தப் போனைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பந்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், காலால் தொடுவதே அபூர்வம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பதினொரு பேர் இந்தப் பக்கம், பதினொரு பேர் அந்தப் பக்கம். நடுவில் நிற்கிற குவார்ட்டர்பேக் என்பவன் பந்தை வாங்கி, தூரத்தில் ஓடுகிற தன் ஆளுக்கு எறிகிறான். தடுக்கிற அணியில் எல்லாருக்கும் பின்னால், கண்காணாத தூரத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்களுக்கு சேஃப்டி என்று பெயர். முன்னால் நிற்கிற ஒன்பது பேரையும் தாண்டி எது வந்தாலும் அவர்கள் தலையில்தான் விடியும். அவர்களையும் தாண்டிவிட்டால் பின்னால் வெறும் புல்தான்.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது சேஃப்டியை யாரும் மதிக்கவில்லை. டிவி கேமராவில் அவன் தெரியவே மாட்டான், படத்துக்கு வெளியே நிற்பான். காரியம் கெட்ட பிறகு எங்கிருந்தோ ஓடி வந்து காலைப் பிடித்து இழுத்து விழுவான். அணிகளும் அப்படித்தான் நினைத்திருந்தன போலும். எறிகிறவனுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள், எறிகிறவனைத் துரத்துகிறவனுக்குக் கொடுத்தார்கள், ஓரத்தில் ஒட்டிக்கொண்டே ஓடுகிறவனுக்குக் கொடுத்தார்கள். சேஃப்டிக்கு மிச்சம் மீதி. எங்கே தேடினாலும் ஒருவன் கிடைப்பான் என்ற எண்ணம்.

இப்போது நிலைமை தலைகீழ். எறிகிறவர்கள் புத்திசாலிகளாகிவிட்டார்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே பின்னால் நிற்கிறவனைப் பார்த்து எல்லாவற்றையும் கணித்துவிடுகிறார்கள். அதனால் ஒரு இடத்தில் நிற்பதுபோல் நின்று வேறு இடத்துக்கு ஓடுகிறவன், மூன்று ஆள் வேலையை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவன், தங்கமாகிவிட்டான். வருஷா வருஷம் அவன் சம்பளம் ஏறுகிறது. எங்களுக்கும் உயரத்திலிருந்து எடுத்த படங்கள் வர ஆரம்பித்தன, மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் எறும்புபோல் தெரிவார்கள். அணிகளுக்கு இந்தக் கணக்கை விற்கிற எங்கள் கம்பெனியிலிருந்து புது உத்தரவும் வந்தது. இனி முதலில் சேஃப்டியைக் குறி, மற்றவர்களெல்லாம் பிறகு.

2

வீட்டிலிருந்தே வேலை. ரங்கூனில் லத்தா என்ற பேட்டையில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கரண்டுக்கு முறை வைத்திருக்கிறார்கள், அந்த முறையும் முறையாக வராது. வந்தால் தெருவே "மீ லாப்பி!" என்று கத்தும். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். சோறு வடிப்பதும் தண்ணீர் ஏற்றுவதும் பேட்டரியை நிரப்புவதும் அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான். எனக்கு பர்மிய மொழி வந்த வரிசையில் முதல் பத்துச் சொற்களில் அதுவும் ஒன்று.

எங்கள் மேற்பார்வைக்காரி மா நிலார் என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது பெரியது. நான் குறித்து அனுப்புகிற சேஃப்டியை எல்லாம் திருப்பி அனுப்புவாள். ஆட்டம் தொடங்குமுன் அவன் எங்கே நின்றானோ அங்கே நான் புள்ளி வைத்துவிடுவேன். "ராபியா அக்கா, அவன் நிற்கிற இடம் பொய். அதை நம்பவா உங்களை வேலைக்கு வைத்திருக்கிறோம்?" என்று பர்மியத்தில் பொரிவாள்.

எனக்கு வழி சொன்னவன் என் மகன். காலேஜ் மூடிய நாட்களில் அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்து இதே வேலை பார்த்தான். திரையில் விரலை வைத்துச் சொன்னான், "அவன் நிக்கிற எடத்தப் பாக்காதீங்க அமே. கண்ணையும் பாக்காதீங்க, அது ஏமாத்தும். இடுப்பப் பாருங்க. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அங்கதான் போவான்."

அமே என்றால் பர்மியத்தில் அம்மா. பால்குடி மறக்கும்வரை உம்மா என்றவன், பள்ளிக்கூடம் போன மூன்றாம் மாதம் அமேக்கு மாறினான். யாசீன் என்று பெயர் வைத்தேன். பள்ளியில் ஸெயா. இங்கே எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கு ஒரு பெயர், வெளிக்கு ஒரு பர்மியப் பெயர் வைப்பது வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து வயதில் ஒருநாள் பஸ்ஸில் நான் "யாசீன், இங்க வா" என்றதற்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறங்கிய பிறகு பர்மியத்தில் சொன்னான், "வெளியே அந்தப் பெயரைச் சொல்லாதீங்க." எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு நானே அவனை ஸெயா என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

3

இப்போது நான் செய்த கூத்தைச் சொல்கிறேன்.

இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு, அந்த வீட்டில் யார் யார் என்று சர்க்கார் முத்திரை போட்டது. அதில் பெயர் இருந்தால்தான் பள்ளிக்கூடம், அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாம். எனக்கு அதில் இடம் கிடையாது. வெளிநாட்டுக்காரி என்று வருஷம் தவறாமல் புதுப்பிக்கிற ஒரு அட்டை, ஒவ்வொரு தடவையும் புதுப் படம், புதுக் கேள்வி. கவுண்டரில் நிற்கும்போதெல்லாம் என்னை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுவேன்.

மகன் பிறந்தது டாலாவில், ஆற்றுக்கு அக்கரையில், என் வீட்டுக்காரருடைய அண்ணன் காசிம் மச்சான் வீட்டில். அங்கே அவருக்கு சைக்கா ரிக்‌ஷாக்களுக்கு டயர் ஒட்டுகிற கடை. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அவரே ஓடிப்போய்த் தன் வீட்டுப் பட்டியலில் யாசீன் என்று ஏற்றிவிட்டார். அப்புறம் நாங்கள் லத்தாவுக்கு வந்தோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க இங்கத்திப் பட்டியல் வேண்டும். இங்கே ஸெயா என்று ஏற்றினோம். எல்லாம் கையால் எழுதுகிற காலம், அக்கரைப் புத்தகத்தை இக்கரையில் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் சொன்னார், "டாலா பேர வெட்டிடுவோம் ராபியா. ஒரே புள்ள ரெண்டு எடத்துல இருக்கறது சரியில்ல."

நான்தான் விடவில்லை. "இருக்கட்டும்ங்க. எனக்குத்தான் ஒண்ணுக்கும் வழியில்ல. என் புள்ளைக்காவது ரெண்டு இருக்கட்டும். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்ல?" என்றேன்.

காகிதம் கூடினால் பத்திரம் கூடும் என்று நம்பினேன். பரதேசம் வந்தவளுக்கு வேறு என்ன புத்தி இருக்கும்? என் வீட்டுக்காரர் கொரோனாக் காலத்தில் மவுத்தாகி எங்களை விட்டுப் போனார். டாலா பட்டியலில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பெயரில் யாரும் அட்டை எடுக்கவில்லை, படம் கொடுக்கவில்லை. வெறும் பெயரும் வயதும்.

4

பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கிற சட்டம் அமலுக்கு வந்த பிறகு வார்டுக்கு வார்டு குலுக்கல் நடக்கிறது. பட்டாள வயதுப் பையன்களின் பெயர்களைச் சீட்டெழுதிப் போட்டுக் குலுக்கி, வருகிற பெயர்க்காரனைக் கொண்டுபோகிறார்கள். லத்தாவில் ஒவ்வொரு முறையும் என் மகன் பெயர் தப்பியது. அதற்குள் ஸெயா என்ற பெயரில் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்து, நாட்டை விட்டு வெளியே போக வழியும் ஏற்பாடாகியிருந்தது. இன்னும் பத்து நாள்தான், அதுவரை அவன் வாசலைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அந்தப் பத்து நாளில் இரண்டாம் நாள் காலையில் மணி அடித்தது. எங்கள் தெருவில் மேல்மாடிக்காரர்கள் எல்லாரும் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டிருப்போம், மேலே சின்ன மணி, கீழே ஒரு கிளிப். வருகிறவர் கயிற்றை இழுப்பார், நாம் சாவியைப் பையில் போட்டு இறக்குவோம். எட்டிப் பார்த்தேன். காசிம் மச்சான் நின்றார். சாவியை இறக்கினேன். நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். ஏற்கெனவே நெஞ்சு சரியில்லாத மனுஷன்.

மகன் உள்ளறையில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தான்.

"டாலாவுல நேத்துக் குலுக்குனாங்க," என்றார் மெதுவாக. "யாசீன் பேரு வந்துருச்சு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பா ஏறுன பேருன்னு சொல்லிப் பாத்தேன். அப்ப அந்தப் புள்ள யாரு, எங்க இருக்கான்னு குமாஸ்தா கேட்டான். நான் வாய மூடிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"பட்டியல்ல இருக்கறது பேரும் வயசும்தான், அந்தப் பேருக்கு ஒரு ஆள் வரணும்னுட்டான். வராட்டி வீட்டுத் தலைவனைக் கூட்டிட்டுப் போவாங்களாம். என்னைத்தான்." சிரிக்கப் பார்த்தார். "ரியாஸ் போறேங்குறான். வயசு ரெண்டுதானே கூட, யாரு பாக்கப் போறா, யாசீன்னு சொல்லிட்டுப் போயிடறேன் வாப்பாங்குறான்."

ரியாஸ் அவருக்கு ஒரே மகன். சைக்கா கடையில் வாப்பாவுக்குக் கைத்துணையாக இருப்பவன். கப்பலேறி இங்கே வந்தால், அவனைக் காக்கா என்று அண்ணன் முறை சொல்லும் என் மகனோடு உட்கார்ந்து பந்து பார்ப்பான், சேஃப்டி ஓடி வந்து தடுத்தால் கைதட்டுவான். என்னைச் சாச்சி, சாச்சி என்று சுற்றிச் சுற்றி வருவான்.

"உன்கிட்ட ஒண்ணும் கேக்க வரல ராபியா," என்றார் மச்சான். "வேற ஆள் வாயால நீ கேள்விப்படக் கூடாது பாரு. அதுக்குத்தான் வந்தேன்."

யாசீனும் ஸெயாவும் ஒரே பிள்ளைதான் என்று நான் அக்கரைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரியாஸ் தப்பிப்பான், என் மகன் போவான். நான் சொல்ல வேண்டாம், அவரே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அவர் சொல்லமாட்டார் என்று எனக்கும் தெரிந்திருந்தது, அந்தத் தைரியம்தான் எனக்கு.

"சாப்பிட்டுட்டுப் போங்க மச்சான்," என்றேன்.

பசிக்கவில்லை என்றார். வற்புறுத்திச் சோறு போட்டு மீன் ஆணம் ஊற்றி வைத்தேன். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். உள்ளேயிருந்து மகன் வந்து, "பெரிய வாப்பா, எப்ப வந்தீங்க?" என்றான். "சும்மா, இந்தப் பக்கம் ஒரு வேல" என்றார் அவர். போகும்போது அவன் தலையில் கை வைத்து துஆ ஓதிவிட்டுப் போனார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

5

மறுநாள் எனக்கு வந்த படங்களில் ஒன்றை மறக்க முடியாது. அதில் பின்னால் நிற்பது ஒரே ஒரு சேஃப்டி, நட்ட நடுவில். இடப் பக்கம் ஒருவன், வலப் பக்கம் ஒருவன், இரண்டு பேரும் ஒரே வேகத்தில் அவனைத் தாண்டி ஓடுகிறார்கள். எறிகிறவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். சேஃப்டியின் இடுப்பு இடப் பக்கம் திரும்பியதும் பந்து வலப் பக்கம் போகிறது. அங்கே யாருமில்லை.

அந்தப் படத்தைப் பலமுறை ஓட்டினேன். கடைசியில் "தவறு" என்ற பெட்டியில் அவனைக் குறித்து அனுப்பினேன். மா நிலார் உடனே திருப்பினாள். "இரண்டு பேர் இரண்டு பக்கம் ஓடினால் அவன் என்ன செய்வான்? ஒருவனைத்தான் பிடிக்க முடியும். இதற்கு வேறு குறி இருக்கிறது, 'தேர்ந்தான்' என்று. உத்தரவைப் படிக்கிறதே இல்லையா அக்கா?"

படித்தேன். மாற்றிக் குறித்தேன். அதிலும் இரண்டு முறை தப்பான இடத்தில் அழுத்தினேன்.

ஐந்தாம் நாள் பகலில் மறுபடியும் மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் ரியாஸ். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். தோளில் ஒரு துணிப்பை. நாலு மாடி உயரத்திலிருந்து பார்க்க அவன் தலையும் இரண்டு தோளும்தான் தெரிந்தன.

"சாச்சி! சாவி போடுங்க!"

மேலே வந்தால் என் மகன் பார்ப்பான். அந்த முடியைப் பார்த்த கணமே கேட்பான். ரியாஸுக்குப் பொய் சொல்ல வராது. என் மகனுக்கோ விஷயம் தெரிந்தால் அடுத்த கப்பலில் அக்கரைக்குப் போய் நின்றுவிடுவான், அவன் குணம் எனக்குத் தெரியும்.

"ஸெயா தூங்குறான்ப்பா," என்றேன்.

பொய். பின்னால் அவன் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊரிலிருந்து ராத்தா கொடுத்தனுப்பிய இனிப்பு, தொதல், கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைச் சுற்றி, மேலே இரண்டு சட்டையை வைத்து, பையைக் கயிற்றில் மாட்டி இறக்கினேன். சாவியை வைக்கவில்லை. அவன் பைக்குள் கையை விட்டுத் துழாவினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாவி, சிரித்தான்.

"தொதல் வாசம் இங்க வரைக்கும் வருது சாச்சி! தூங்கட்டும், எழுப்பாதீங்க. வர்றேன்."

வர்றேன் என்றுதான் சொன்னான். காலிப் பையைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, நான் இழுக்கிறேனா என்று நின்று பார்த்துவிட்டுப் போனான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

6

என் மகன் போய்விட்டான். எந்த வழியாக, எந்த ஊருக்கு என்று எழுத மாட்டேன். உயிரோடு இருக்கிறான், வேலையில் இருக்கிறான், அது போதும் உங்களுக்கு.

முதலில் தினமும் எழுதினான். பிறகு ஒருநாள், "அமே, ரியாஸ் காக்கா ஏன் போன் எடுக்க மாட்டேங்கறாரு?" என்று கேட்டான். வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். மூன்று நாள் பேச்சில்லை. டாலாவில் யாரிடமோ விசாரித்திருக்கிறான். நாலாம் நாள் பர்மியத்தில் ஒரே வரி வந்தது. "என் பெயரிலா?"

எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில் ஆமாம் என்று மட்டும் அனுப்பினேன். இப்போது நான் சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைக் காப்பாற்றினேன், பிள்ளை கை நழுவிவிட்டான். இதை ராத்தாவிடம் எப்படிச் சொல்ல?

காசிம் மச்சான் கடை பாதி நாள் மூடிக் கிடக்கிறதாம். நான் இன்னும் அக்கரைக்குப் போகவில்லை. பான்சோடான் துறை வரைக்கும் இரண்டு முறை போனேன், கப்பல் கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. ரியாஸ் போனது யாசீன் பெயரில். ரியாஸ் என்ற பெயர் டாலா சீட்டுகளில் இன்னும் கிடக்கிறது. அது வந்தால் யார் போவது?

பந்து வேலை மட்டும் நிற்கவில்லை. இந்தப் பருவத்தில் சேஃப்டிகளுக்கு இன்னும் மவுசு கூடிவிட்டதாம், பெரிய பெரிய ஒப்பந்தங்களாம், மா நிலார் சொல்கிறாள். எங்களுக்கு அவர்களைப் பற்றிக் கூடுதலாக ஆறு குறிகள் சேர்த்திருக்கிறார்கள். நான் இப்போது தவறே செய்வதில்லை. இடுப்பைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் கரண்டு வந்து தெரு கத்திக்கொண்டிருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பர்.

"சாச்சி, நான் யாசீன் பேசறேன்."

யாரு யாசீன் என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அல்லா காப்பாற்றினான். பக்கத்தில் யாரோ நின்று கேட்கிறார்கள் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது, ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து வைத்தான்.

"நல்லா இருக்கியாப்பா?"

"நல்லா இருக்கேன் சாச்சி. பூட்ஸ்தான் கடிக்குது. வாப்பா கேட்டா அதச் சொல்லாதீங்க. பயிற்சி முடிஞ்சிருச்சு. நாளைக்கு எங்கயோ அனுப்புறாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "பயப்படாதீங்க. என்னைய முன்னால நிறுத்த மாட்டாங்களாம். எல்லாருக்கும் பின்னாலதானாம். நம்ம சேஃப்டி மாதிரி."

நிற்கிற இடத்தை நம்பக் கூடாது என்று என் மகன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அரிசி களைந்த தண்ணீர் கையிலிருந்து தரையில் சொட்டியது.

"அவன் எப்படி இருக்கான்?" என்றான். பெயரைச் சொல்லவில்லை.

"நல்லா இருக்கான்."

"அது போதும். கோவமா இருப்பான், சரியாயிடும், நான் வந்து பேசிக்கறேன்."

அவன் சொந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட வேண்டும், மன்னிச்சுக்கோப்பா என்று கேட்க வேண்டும் என்றிருந்தது. கூப்பிட்டால் அவன் மாட்டிக்கொள்வான்.

"பின்னால ஆள் நிக்கிறாங்க சாச்சி. வைக்கட்டுமா?"

பஸ்ஸில் கூப்பிட்டதற்கு என் மகன் முகம் திருப்பிய நாளுக்குப் பிறகு யாரையும் அந்தப் பெயரால் நான் கூப்பிட்டதில்லை.

"வைப்பா, யாசீன்," என்றேன்.